தீப்பெட்டிப் படங்கள்

தளவாய்புரத்தில் எங்கள் தெருப் பையன்களுக்குத் தீப்பெட்டிப் படம்தான் காசு. வட்டம் கிழித்து நடுவில் படங்களை வைப்பார்கள். தூரத்திலிருந்து சில்லெறிந்து வெளியே தள்ளுகிறவனுக்கு அது சொந்தம். எல்லோரிடமும் இருக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு. பாசிங் ஷோ சிகரெட் அட்டை வைத்திருப்பவன் பணக்காரன். பெண்பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அதனால் நான் சேர்த்து மட்டும் வைத்தேன், பழைய கணக்கு நோட்டில் ஒட்டி. கல்யாணத்துக்குப் பிறகு அந்த நோட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடியும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

அப்போது புலியையும் கப்பலையும் பார்த்தேன். இப்போது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்: சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, குடியாத்தம்.

நம் வீட்டு அடுப்பை ஒரு காலத்தில் ஸ்வீடனும் ஜப்பானும் பற்றவைத்தன. நம்மிடம் விற்பதற்காகவே அங்கே கிருஷ்ணனையும் லட்சுமியையும் அச்சடித்து ஒட்டி அனுப்பினார்கள். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1923-ல் ஸ்வீடன்காரர்களின் விம்கோ நிறுவனமும் இந்தியாவில் கால் வைத்தது. அவர்களிடம் இயந்திரம் இருந்தது. இங்கே கைகள் இருந்தன. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பின்னாளில் கைத்தொழிலுக்குக் கிடைத்த வரிச்சலுகை சிறு ஆபீஸ்களைக் காப்பாற்றியது. ஆம், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான்.

எழுத்துத் தெரியாதவரும் கேட்டு வாங்க ஒரு மார்க் வேண்டும். ஒரு மார்க் ஓடினால் அதே மாதிரி பத்து முளைக்கும். மனிதன் சிறுத்தையோடு மல்லுக்கட்டும் சீட்டா ஃபைட்டைப் பார்த்து எத்தனை போலிகள்! என் சேகரிப்பில் அந்தப் போலிகளுக்குத் தனி இடம் உண்டு. போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. லேபிள் தேவைப்பட்டதால் சிவகாசிக்கு அச்சகங்கள் வந்தன. காலண்டரும் டைரியும் அந்த வழியில் வந்தவை. பழைய லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சிவப்பு நூலளவு விலகி, புலியின் நாக்கு வாய்க்கு வெளியே நிற்கும் லேபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அச்சடித்தவரின் கை அதில் தெரிகிறது.

ஒட்டியவர்களின் கை எந்தப் படத்திலும் தெரியாது. திருத்தங்கலில் சித்தி வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் பசைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். என் வயதுப் பிள்ளைகள், எண்ணிக்கைக்குத்தான் கூலி. நான் ஆசையாய்ச் சேர்த்த படம் அவர்களுக்கு வேலை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில்தான். இந்த வரலாற்றை விட்டுவிட்டு லேபிளின் அழகை மட்டும் பேசுவது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் வீரர் படங்களையும் பையன்கள்தான் சேர்த்தார்கள். அதில் ஹோனஸ் வாக்னர் படம் ஒன்று 2022-ல் 72 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. நம் லேபிளுக்கு அந்த விலை வராது, வரவும் வேண்டாம். ஆனால் அங்கே எந்தப் படம் எந்த வருடம் அச்சானது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறை இங்கேயும் வேண்டும்.

மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தபின் படம் அட்டையிலேயே அச்சாகிறது. லேபிள் ஒட்டும் வேலை இல்லை. 2007-லிருந்து ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பர் 1-ம் தேதி இரண்டு ரூபாயானது. கேஸ் அடுப்புக்கு லைட்டர் போதுமென்று பல வீடுகளில் தீப்பெட்டி விளக்கு மாடத்தோடு நின்றுவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மரத் தீப்பெட்டி கிடந்தால் படத்தை உரிக்காதீர்கள், பெட்டியோடு வையுங்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அத்தையோ மதினியோ இருந்தால், எந்த ஊர், எந்த மார்க், என்ன கூலி என்று கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே மடித்து வையுங்கள்.