சொல்லக் கூடாத எச்சரிக்கை

1925 மார்ச் 18, புதன்கிழமை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டி சோட்டோ என்ற சிற்றூர். பள்ளியில் பிற்பகல் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அன்றைய வானிலை அறிவிப்பு மழையையும் பலத்த காற்றையும் மட்டுமே சொல்லியிருந்தது. மணி இரண்டே முக்கால் ஆவதற்குள் பள்ளிச் சுவர்கள் சரிந்துவிட்டன. 33 பிள்ளைகள் மாண்டார்கள். டொர்னாடோ என்னும் சூறைக்காற்றுக்கு ஒரே பள்ளியில் இத்தனை பிள்ளைகளை அமெரிக்கா அதற்கு முன்பும் பறிகொடுத்ததில்லை, பின்பும் இல்லை.

இந்தக் காற்று ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே மிசௌரி மாநிலத்தில் தரை தொட்டுவிட்டது. மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி, மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. துதிக்கை போல மேகத்திலிருந்து தொங்கும் சுழல் பலர் கண்ணில் படவே இல்லை. தரையோடு உருண்டு வரும் கரிய மூட்டத்தைப் பார்த்தவர்கள் மழை வருகிறது என்றே நினைத்தார்கள். மர்ஃபிஸ்பரோ நகரில் மட்டும் 234 பேர் இறந்தார்கள். வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆண்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்தார்கள். மின்சாரம் நின்றுபோகவே மேலேறி வந்தவர்கள், வீடு இருந்த இடத்தில் மனைவி மக்களைத் தேட வேண்டியதாயிற்று. மூன்று மாநிலங்கள், 352 கிலோமீட்டர், 695 உயிர்கள்.

இதில் என் மனம் ஆறாத செய்தி ஒன்று உண்டு. டொர்னாடோ வரும் என்று முன்னறிவிப்பில் எழுதவே அரசு வானிலைத் துறை 1880களிலிருந்து தடை போட்டிருந்தது. மக்கள் பீதியடைவார்களாம்! ராணுவத்தைச் சேர்ந்த ஜான் ஃபின்லி 1884-லேயே முன்கணிப்பைச் சோதித்துப் பார்த்தவர். அவர் வேலையை முடக்கினார்கள். ரேடார் இல்லாத அந்தக் காலத்தில் எச்சரித்திருந்தால் டி சோட்டோ பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ள இருந்த நாற்பது ஆண்டுகளை வீணடித்தது பெரும் குற்றம். 695 பேர் இறந்த பிறகும் தடை நீங்கவில்லை. அதற்கு 1938 வரை ஆயிற்று.

1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கியது. அங்கிருந்த வானிலை அதிகாரிகள் எர்னஸ்ட் ஃபாபுஷும் ராபர்ட் மில்லரும் பழைய வரைபடங்களை அலசினார்கள். ஐந்தே நாளில் அதே அறிகுறிகள் தெரிய, துணிந்து எச்சரித்தார்கள். அன்று மாலையே டொர்னாடோ அதே தளத்துக்கு வந்தது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1952-ல் தொடங்கியது. 1953-க்குப் பிறகு, 2011-ல் ஜோப்லின் நகரம் 158 பேரை இழக்கும்வரை, அமெரிக்காவில் ஒரே டொர்னாடோ நூறு உயிர்களைக் கொண்டுபோகவில்லை.