எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சையில் உடலினுள் நடப்பது: ஓர் அறிவின் வரலாறும் மலையகமும்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் மேலை மருத்துவம் தொழிலாளியின் குடலைக் கருத்தூன்றிப் பார்க்கத் தொடங்கியது 1916ஆம் ஆண்டளவில். அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் அப்போதுதான் இங்கே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. கொக்கிப்புழு சிறுகுடலின் மேற்பகுதியைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அது ஆயிரக்கணக்கானோரை வெளிறிய, மலையேறினால் மூச்சு வாங்கும் மனிதர்களாக்கியிருந்தது. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசியவர்கள் உண்டு. பிழை குணத்தில் இல்லை, குடலில் இருக்கிறது என்று நுணுக்குக்காட்டி சொன்னது.

நூறு ஆண்டுகள் கழிந்து, மலையகத்தில் மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தோட்ட லயங்களில் 'சீனி', 'பிரஷர்' என்ற சொற்கள் அன்றாடப் பேச்சாகிவிட்டன. இருபது வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு என்று 2008இல் வெளியான கட்டுலந்த குழுவினரின் நாடளாவிய ஆய்வு காட்டியது. உடற்பருமனும் நீரிழிவும் சேர்ந்து வந்தவர்களுக்கு, இரைப்பையையும் குடலையும் மாற்றியமைக்கும் சத்திரசிகிச்சை இன்று ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. அது உடலினுள் என்ன செய்கிறது என்பதை மருத்துவம் அறிந்துகொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த அறிவு வளர்ந்த விதத்தையும், மலையகத்தாரின் உடம்புக்கு அது எதை உணர்த்துகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குடலைச் சுருக்கிய காலம்

1954இல் மினசோட்டாவைச் சேர்ந்த க்ரெமன், லின்னர் முதலிய சத்திரசிகிச்சையாளர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் முறையொன்றை வெளியிட்டார்கள். உணவின் சத்தை உறிஞ்சுவது சிறுகுடல்; உணவு கடந்து செல்லும் நீளத்தைக் குறைத்தால் உறிஞ்சலும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. 1969இல் பெயின், டிவின்ட் இருவரும் இதை மேலும் இறுக்கி, நடுச்சிறுகுடலின் முதல் 35 சென்ரிமீற்றரைக் கடைச்சிறுகுடலின் இறுதி 10 சென்ரிமீற்றரோடு இணைத்தார்கள். இடையிலிருந்த பல மீற்றர் குடல் உணவைக் காணாமல் உள்ளேயே கிடந்தது.

எடை குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும் வந்தது. உறிஞ்சப்படாத கொழுப்பு கல்சியத்தைப் பிடித்துக்கொள்ள, தடையின்றி இருந்த ஒட்சலேற்று பெருங்குடல் வழியாக இரத்தத்தில் ஏறி, சிறுநீரகக் கல்லாகப் படிந்தது. உணவு செல்லாத குடற்பகுதியில் கிருமிகள் பெருகின. சிலருக்கு ஈரல் செயலிழந்தது. 1980களின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. செய்துகொண்ட பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. எடை இறங்கியதை மட்டும் வெற்றிக்கு அளவுகோலாகக் கொண்டதன் விளைவு இது. இன்றும் விளம்பரங்கள் அந்த அளவுகோலைத்தான் காட்டுகின்றன என்பது கவலைக்குரியது.

அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறொரு பக்கமிருந்து வந்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பெண்கள் பிறகு எளிதில் எடை கூடுவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். 1966இல் சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து, இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைத்தார். 1977இல் கிரிபன், சுவிட்சர்லாந்தின் செசார் ரூ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்திருந்த 'ஒய்' வடிவ இணைப்பை இதற்குப் பொருத்தினார். சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையிலிருந்து உணவு நேரே நடுச்சிறுகுடலுக்குப் போகும். இரைப்பையின் மீதிப் பகுதியும் முன்சிறுகுடலும் அதன் பாதையிலிருந்து விலகிவிடும். 1994இல் விட்குரோவ், கிளார்க் குழுவினர் இதையே சிறு துளைகள் வழியாகச் செய்ததை வெளியிட்ட பின் உலகெங்கும் பரவியது.

அதுவரையில் தரப்பட்ட விளக்கம் ஒன்றுதான்: பை சிறியது, ஆகவே குறைவாகச் சாப்பிடுகிறார், பாதை குறுகியது, ஆகவே குறைவாக உறிஞ்சுகிறது. உடம்பைத் தண்ணீர்க் குழாய் வேலையாகப் பார்த்த விளக்கம் அது.

எடைக்கு முன்னே இறங்கிய சீனி

அந்த விளக்கத்தை உலுக்கியவர் வட கரோலினாவின் வோல்ற்றர் போரிஸ். 1995இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரை, இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 608 பேரை 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் நீரிழிவு இருந்த 146 பேரில் 121 பேருக்குக் குருதிச் சீனி இயல்புக்குத் திரும்பியிருந்தது. அதிலும் பெரிய புதிர், அது திரும்பிய வேகம். எடை குறைய மாதக்கணக்காகும். சீனியோ சில நாட்களிலேயே இறங்கியது. பலர் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போதே இன்சுலினை நிறுத்தியிருந்தார்கள். எடை குறைந்ததால் சீனி குறைந்தது என்றால், காரணத்துக்கு முன்னரே விளைவு எப்படி வந்தது?

விடையின் விதை 1902இலேயே இருந்தது. அந்த ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடலின் மேற்பகுதிக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தை வைத்தார்கள். நரம்புத் தொடர்பு இல்லாதபோதும் சதையி சுரந்தது. குடல் இரத்தத்தின் வழியே ஏதோ ஒரு பொருளை அனுப்பியிருக்க வேண்டும். 'ஓமோன்' என்ற பெயர் 1905இல் ஸ்டார்லிங்கிடமிருந்தே வந்தது. ஆக, ஓமோன் என்ற கருத்து பிறந்த இடமே குடல்தான். சத்திரசிகிச்சையாளர்கள் அதே குடலை வெட்டியும் ஒட்டியும் வந்த பல பத்தாண்டுகள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 1960களில், நாளத்தில் ஊசியால் ஏற்றப்பட்ட குளுக்கோசைவிட வாயால் உண்ட குளுக்கோஸ் அதிக இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று தெரிந்தது. 1980களில் அதற்குக் காரணமான குடல் ஓமோன்களுள் ஒன்றான ஜிஎல்பி-1 அடையாளம் காணப்பட்டது. அதைச் சுரக்கும் கலங்கள் குடலின் கீழ்ப்பகுதியில் செறிந்திருக்கின்றன.

இப்போது புதிர் அவிழத் தொடங்கியது. பாதை மாற்றப்பட்ட குடலில் உணவு கீழ்ப்பகுதிக்கு விரைந்து போய்ச் சேர்கிறது. உண்ட சற்று நேரத்திலேயே ஜிஎல்பி-1, பிவைவை ஆகிய ஓமோன்கள் பலமடங்கு உயர்கின்றன. முதலாவது சதையியை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரண்டுமே மூளைக்குப் 'போதும்' என்று சொல்கின்றன. கறெல் லெ ரூ குழுவினர் இந்த ஓமோன்களின் சுரப்பை ஒரு மருந்தால் அடக்கியபோது, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் பசி மீண்டது. அவர்களின் பை அப்போதும் அதே சிறிய பைதான்.

மறுபுறம், 1999இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா இருவரும் பசியைத் தூண்டும் கிரெலினைக் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்வளைவில் சுரக்கிறது. 2002இல் கமிங்ஸ் குழுவினர் செய்த ஒப்பீடு, என் பார்வையில், இந்த வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களுக்குக் கிரெலின் 24 சதவீதம் உயர்ந்திருந்தது. சத்திரசிகிச்சையால் குறைத்தவர்களுக்கோ அது மிகத் தாழ்ந்து கிடந்தது. அதாவது, பட்டினி கிடந்து எடை குறைப்பவரின் உடம்பு அவருக்கு எதிராகவே பசியைக் கூட்டுகிறது. 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று பருமனானவரை ஏசுவது, வெளிறிய தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசியதைப் போன்ற அநியாயம்.

கிரெலினையும் ஒற்றைக் காரணமாக்கிவிட முடியாது. கிரெலினே இல்லாத எலிகளுக்கு இரைப்பையைக் குறைத்தபோதும் எடை இறங்கியது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி இல்லாத எலிகளில் சத்திரசிகிச்சையின் பயன் பெருமளவு மங்கியதாக 2014இல் தெரியவந்தது. ஓமோன், பித்தம், குடற்கிருமிகள், நரம்பு ஆகியவை கூடிச் செய்யும் மாற்றம் இது. ஒரே ஓமோனைக் காட்டி எல்லாவற்றையும் விளக்குகிறவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

நீண்டகாலப் பயனிலும் ஐயமில்லை. 4,047 பேரைத் தொடர்ந்த சுவீடன் ஆய்வு, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்திருந்ததை 2007இல் காட்டியது.

கத்தி படும் இடம்

இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்கும் முறை. வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றுச்சுவரை உயர்த்துகிறார்கள். இரைப்பையின் வெளிவளைவைக் கொழுப்புத் திரையிலிருந்து விடுவிக்கிறார்கள். வாய் வழியாக, விரல் பருமன் உள்ள ஒரு குழாய் இரைப்பைக்குள் இறக்கப்படுகிறது, அதுதான் அளவு. அந்தக் குழாயை ஒட்டியே, இரைப்பையின் கீழ்வாய்க்குச் சில சென்ரிமீற்றர் முன்னிருந்து மேல்நோக்கி, வெட்டும்போதே தைக்கும் கருவி நகர்கிறது. வெட்டின் இருபுறமும் நுண்ணிய உலோகத் தையல்கள் வரிசையாக விழுகின்றன. ஏறத்தாழ 80 சதவீத இரைப்பை துளை வழியே வெளியே எடுக்கப்படுகிறது. கிரெலின் சுரக்கும் மேல்வளைவும் அதோடு போகிறது. மீண்டும் வைக்க முடியாத பகுதி அது. தையல் வரிசை கசிவதும் இரத்தம் பெருகுவதும் முதல் வாரங்களின் ஆபத்துகள்.

பிறகு வரும் குறைபாடுகள் ஓசையில்லாமல் வருபவை. விற்றமின் பி12ஐ உறிஞ்ச இரைப்பை சுரக்கும் ஒரு காரணி வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் அதன் குறை தெரிய ஆண்டுகள் ஆகலாம். தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது முக்கியமாக முன்சிறுகுடலில். பாதை மாற்றும் முறையில் உணவு தொடாமல் விடப்படுவது அந்த இடத்தைத்தான். அன்று கொக்கிப்புழு இரத்தம் குடித்த இடமும் இதன் அருகில்தான்.

மலையகத்தாரின் உடம்பு

உலக வழிகாட்டிகளை அப்படியே மஸ்கெலியாவுக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணங்கள் உண்டு. 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட விதி, உடற்திணிவுச் சுட்டெண் 40ஐத் தாண்டியவர்களுக்கும், நோய்களோடு 35ஐத் தாண்டியவர்களுக்கும் சத்திரசிகிச்சை என்றது. ஆனால் தெற்காசியரின் உடம்பில் கொழுப்பு வேறுவிதமாகப் படிகிறது. புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் தங்களையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் சுட்டெண் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, ஆசியரைப் பொறுத்தவரை 27.5லிருந்தே சத்திரசிகிச்சையைக் கருதலாம் என்றது.

மெலிந்து பிறந்தவர் பின்னர் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்ற கருதுகோளை ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் முன்வைத்தார்கள். 1944-45 ஒல்லாந்துப் பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களை ஆராய்ந்தபோது அதற்கு வலு கிடைத்தது. மலையகத்துக்கும் ஒரு பஞ்சம் உண்டு. 1973-74இல் பங்கீட்டு மா குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அப்போது கருவிலிருந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிய வயது. குறையும் அங்கே முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். ஒரே லயத்தில் தாய்க்குச் சீனி, பிள்ளைக்குச் சத்துக்குறை என்ற நிலை இதிலிருந்து வருவது.

உணவையும் பார்க்க வேண்டும். கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி போட்ட சாயத்தண்ணி. கொழுந்து மலைக்குப் போகும் பெண்ணின் பகற்பொழுது பெரும்பாலும் இதில் கழிகிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் குடலில் இரும்பைப் பிணைத்து உறிஞ்சவிடாமல் செய்கின்றன. கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்குவது இங்கே சாதாரணம். குளிசையின் பயனில் பெரும்பகுதி அந்தக் கோப்பையிலேயே போய்விடுகிறது. ஏற்கெனவே குருதிச்சோகையுள்ள அப்பெண்ணின் முன்சிறுகுடலையும் உணவுப் பாதையிலிருந்து விலக்கினால் நிலைமை எப்படியிருக்கும்? பாதை மாற்றப்பட்ட குடலுக்குள் இனிப்புச் சாயம் சடுதியாக இறங்கினால் வியர்வையும் படபடப்பும் தலைச்சுற்றலும் வரும். செங்குத்தான மலையில் கூடையோடு நிற்பவருக்கு அது ஆபத்து.

இந்தச் சத்திரசிகிச்சை மலையகத்தாருக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. கட்டுக்கடங்காத நீரிழிவும் உடற்பருமனும் உள்ள தோட்டத் தொழிலாளிக்கு, கொழும்பில் வாழ்பவருக்கு உள்ள அதே உரிமை உண்டு. ஆனால் அது ஒருநாள் வேலையன்று. வாழ்நாள் முழுவதும் விற்றமின், இரும்பு, கல்சியம் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்ற நிலையில், அதற்காகக் கொழும்புக்கோ கண்டிக்கோ யாரும் திரும்பத் திரும்பப் போகமாட்டார்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும் வழியில், டிக்கோயா கிளங்கனில், இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே 12ஆம் திகதி திறக்கப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை இருக்கிறது. சத்திரசிகிச்சை எங்கே நடந்தாலும், அதற்குப் பிந்திய பரிசோதனையும் குளிசையும் தமிழில் ஆலோசனையும் அங்கே கிடைக்க வேண்டும். சுகாதார அமைச்சு அந்த ஏற்பாட்டை முதலில் செய்ய வேண்டும். அதுவரை, சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வைக்கும் ஒவ்வொருவரும் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அடுத்த ஆண்டு எனது இரும்பையும் பி12ஐயும் யார், எங்கே சோதிப்பார்கள்?