நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது!

கணினித் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். தெரியாத மற்றவர்களுக்காகவும், நம் சொந்தங்களுக்காகவும் எழுதுகிறேன்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். அது பிறந்த சில மாதங்களிலேயே 'இது காலாவதி' என்று முத்திரை குத்தியவர் ஓர் ஆசிரியர். எனக்கு இதில் ஆர்வம் வந்ததே அதனால்தான்.

ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மினிக்ஸ் என்ற ஒன்றை எழுதி, 1987ல் பாடநூலோடு வெளியிட்டார். அதைப் படித்துக் கற்றவர் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்டில் மினிக்ஸ் பயனர்களிடம், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், பெரிதாக வளராது என்று அடக்கமாகத்தான் சொன்னார்.

1992 ஜனவரி 29 அன்று அதே பயனர்கள் முன்னிலையில் டானன்பாம், லினக்ஸின் வடிவமைப்பு 1970களுக்குப் பின்னோக்கிப் போவது என்று எழுதினார். லினஸ் விடவில்லை. மினிக்ஸின் குறைகளுக்குப் பேராசிரியர் வேலை நல்ல சாக்கு என்று சீண்டினார். மறுநாளே, நாகரிகம் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்டார். பேராசிரியரோ, நீ என் மாணவனாக இல்லாதது உன் நல்ல காலம், இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்றார். (மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவது எங்கள் இனத்தின் பழைய ஆயுதம்!)

ஆனால் கூட்டம் லினஸ் பக்கம் போனது. வகுப்பறைக்காக மினிக்ஸைச் சிறிதாகவே வைத்திருக்க நினைத்தார் டானன்பாம். லினஸ் மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்களை வாங்கிச் சேர்த்தார்; 1992லேயே, யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார். லினக்ஸ் வளர்ந்தது இதனால்தான். லினஸின் முரட்டு வாய்தான் அதன் பலம் என்று இன்றும் சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த வாய் பின்னாளில் இன்னும் முற்றியது. 2013ல் உடன் பணியாற்றிய ஒருவர், இந்த வசவை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். லினஸ் இசையவில்லை. கேட்டவர் 2015ல், அங்கே நிலவும் பேச்சு முறையைக் காரணம் சொல்லி விலகிக்கொண்டார். அப்படி எதுவும் சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ! 22 வயதில் ஒரே நாளில் மன்னிப்புக் கேட்டவர், 48 வயதில், 2018 செப்டம்பரில்தான் தன் பேச்சுக்காக மறுபடி மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார்.

டானன்பாமைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 2004ல் அமெரிக்காவில் ஒருவர், லினஸ் தனியாக இதை எழுதியிருக்க முடியாது, மினிக்ஸிலிருந்து எடுத்ததுதான் என்று கிளப்பிவிட்டார். அப்போது, லினக்ஸை எழுதியவர் லினஸ்தான் என்று வெளிப்படையாக எழுதி அதை மறுத்தவர் அந்தப் பேராசிரியர்தான்.