ஆறு காலியாகவா கிடந்தது?

“புழு இல்லாம மீன் எப்படி மாப்ள கடிக்கும்?”

வ. புதுப்பட்டிக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மாமா கேட்ட கேள்வி இது. கேட்க வைத்தது என் செல்போன். அதில் ஒரு வெள்ளைக்காரர் முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரில் நின்றுகொண்டு, நீளமான நூலைத் தலைக்கு மேல் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். நூலின் நுனியில் கொக்கி. கொக்கியில் கட்டியிருந்தது வெறும் இறகு.

“கோழி றெக்கையப் பாத்து ஏமாறுறதுக்கு மீன் என்ன கேனையா?”

ஏமாறும் மாமா. அந்த மீனுக்குப் பெயர் ட்ரவுட். குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது. தண்ணீரில் மிதந்துவரும் சின்னச் சின்னப் பூச்சிகளைப் பாய்ந்து பிடித்துத் தின்னும். இறகையும் பட்டு நூலையும் கொக்கியில் சுற்றி அந்தப் பூச்சியைப் போலவே ஒரு போலியைச் செய்வார்கள். நம் தூண்டிலில் எடை நுனியில் இருக்கும். ஈயக்குண்டுதான் நூலை இழுத்துக்கொண்டு போகும். போலிப்பூச்சிக்கோ எடையே கிடையாது. அதனால் நூலையே கனமாகச் செய்து, அந்தக் கனத்தை வீசிப் பூச்சியைப் போய் உட்கார வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். ஈத்தூண்டில் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டு நம்ம ஊருக்கு வந்ததா என்றால், வந்தது. விருதுநகர் மாவட்டத்துக்கு வரவில்லை, நீலகிரிக்கு வந்தது. அது வந்த கதையில் மீனை விட முக்கியமாக ஒரு சொல் இருக்கிறது: ‘காலி’. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் நீலகிரியின் மேல்மட்ட ஓடைகளைப் பார்த்துச் சொன்னதன் சாரம் அதுதான். தண்ணீர் அருமையாக இருக்கிறது, பிடிக்கத் தகுந்த மீன்தான் இல்லை. அப்படியென்றால் காலி. காலி என்றால் நிரப்ப வேண்டும்.

நிரப்புவது லேசாக இல்லை. 10 டிகிரி குளிரில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். ட்ரவுட்டுக்கு 20 டிகிரியைத் தாண்டினாலே திணறல் ஆரம்பம். நம் விராலும் குரவையும் கண்மாய் வற்றிச் சேறாகும்போது தலையை வெளியே நீட்டிக் காற்றையே குடித்துப் பிழைத்துக்கொள்ளும் சாதி. ட்ரவுட்டுக்கு அந்த வழி இல்லை.

1860களில் ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இதை முயன்றார். சென்னை மாகாணப் படையில் வேலை பார்த்துக்கொண்டே மீன்களை ஆராய்ந்தவர். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து விரைவாக வர வேண்டுமானால் எகிப்து வரை ஒரு கப்பல், அங்கே தரைவழிப் பயணம், பிறகு செங்கடலில் இன்னொரு கப்பல். அந்த வெக்கையில் ட்ரவுட் முட்டைகள் எப்படித் தாங்கும்? டேயின் ட்ரவுட் முயற்சி தோற்றது. அந்தக் காலத்தில் ஊட்டிக்கு வந்தவற்றில் நிலைத்தவை டென்ச், கார்ப் போன்ற தாக்குப்பிடிக்கும் மீன்கள்தான்.

அதே பத்தாண்டில், 1864 ஜனவரியில், லண்டனிலிருந்து ‘நார்ஃபோக்’ என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. மரப்பெட்டிகளில் ஈரப்பாசி, பாசிக்குள் சால்மன் முட்டைகள், சுற்றிலும் டன் கணக்கில் பனிக்கட்டி. கூடவே ஓரமாகச் சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகள். சுமார் மூன்று மாதம் கழித்து அவை டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தன. யாருக்காகக் கப்பலே ஏற்பாடானதோ அந்த சால்மன் அங்கே நிலைக்கவில்லை. ஒண்டிக்கொண்டு வந்த ட்ரவுட் நிலைத்துவிட்டது. முட்டையைக் குளிரில் வைத்தால் பூமத்திய ரேகையையும் தாண்டலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது. பிறகு நியூசிலாந்து, இலங்கையின் நுவரெலியா, 1900இல் காஷ்மீர் என்று வெள்ளைக்காரர் குளிர்ந்த தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் ட்ரவுட் போனது.

நீலகிரியில் காரியம் கைகூடியது எச். சி. வில்சன் என்பவர் காலத்தில். சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை உருவாகிய அதே 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் வந்தது. இலங்கை உட்படப் பல இடங்களிலிருந்து முட்டைகள் வந்தன. கடைசியில் அந்த ஓடைகளில் தங்கியது ரெயின்போ ட்ரவுட். இதில் ஒரு வேடிக்கை, ரெயின்போ இங்கிலாந்து மீனே கிடையாது. வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்து ஆறுகள்தான் அதன் சொந்த ஊர். இங்கிலாந்து ஓடையின் ஞாபகத்துக்காக ஏங்கியவர்கள், அமெரிக்க மீனை இலங்கை வழியாகக் கொண்டுவந்து தமிழ்நாட்டு மலையில் விட்டு ஆறுதல் பட்டுக்கொண்டார்கள்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். அவலாஞ்சி ஆறு காலியாகவா கிடந்தது?

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மானுடவியலாளர் தோதவர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1906இல் வெளிவந்தது. பொரிப்பகத்துக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால். பைக்காரா, அவலாஞ்சி இரண்டு ஆறுகளும் தோதவர்களுக்குத் தெய்வங்கள் என்று அதில் இருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது மேல்போர்வையை விலக்கி வலது தோளை வெளியே எடுத்து மரியாதை செய்வார்கள். சில கிழமைகளில் கடக்கவே மாட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு, கடக்கும்போது தோளைத் திறந்து வணங்க வேண்டிய சாமி. இன்னொரு கூட்டத்துக்கு, மீன் இல்லாத தண்ணீர். ஓடுவது ஒரே ஆறு.

சாமியை விடுங்கள், உயிரியல்படி பார்த்தாலும் அது காலி இல்லை. அருவிகள் குறுக்கே இருப்பதால் கீழிருந்து மீன்கள் ஏறிவர முடியாத மலையோடைகளில் தவளை, தலைப்பிரட்டை, நண்டு, நூறு விதப் பூச்சிகள் எல்லாம் பெரிய வேட்டை மீனின் தொல்லை இல்லாமல் வாழ்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருக்கிற தவளைகள் எத்தனையோ. அப்படிப்பட்ட இடத்தில் பாய்ந்து தின்னும் மீனை இறக்கினால் என்னவாகும்? ரெயின்போ, பிரவுன் ட்ரவுட் இரண்டுமே உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவலாஞ்சியில் முதல் மீனை விடும் முன் தண்ணீரில் என்னவெல்லாம் இருந்தது என்று முழுசாகக் கணக்கெடுத்திருந்தால், எதை இழந்தோம் என்று இன்று சொல்லலாம். காலி என்று நினைத்த இடத்தில் யார் கணக்கெடுப்பார்கள்?

மலை மேலே இப்படி என்றால், கீழே சமவெளியில் நேர்மாறு. இங்கே ஏகப்பட்ட மீன். ஆனால் பிடிக்கிறவர்கள் சரியில்லை என்றார்கள். அதே டே 1873இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றி அறிக்கை எழுதினார். வயல் மடையிலும் வாய்க்காலிலும் கூடு வைத்துக் குஞ்சோடு வாரிவிடுகிறார்கள், வலைக்கண் ரொம்பச் சின்னது என்பது அவர் கவலைகளில் ஒன்று. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் விஷமும் தடை. வலையின் அளவு, ஆற்றில் நிறுத்தும் பொறிகள் பற்றி விதி செய்ய மாகாணங்களுக்கு அதிகாரம். வெடி, விஷம் தடை நியாயமானதுதான். மாமாவுக்கே தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவனைக் கண்டால் ஆகாது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீலகிரிக்கென்று 1879இலேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டார்கள். சென்னை மாகாண அதிகாரி ஹெச். எஸ். தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றியும், 1887இல் நம் ஏரி, கண்மாய்களில் தூண்டில் போடுவது பற்றியும் புத்தகமே எழுதினார். கண்மாய்க் கரையில் துரை உட்கார்ந்தால் பொழுதுபோக்கு. ஊர்க்காரன் ஊத்தாவோடு இறங்கினால் அழிவு.

டேயையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நம் குளத்து மீன்களை இனம் பிரித்து, படம் போட்டு, அவர் எழுதிய ‘இந்திய மீன்கள்’ இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்தான். தனக்கு வேண்டிய மீன் இல்லாத இடத்தில் மட்டும் அவர் காலம் எதையும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால், “அது மேல நடந்த கதை, நமக்கென்ன?” என்று மாமா கேட்பார். நமக்கு இரண்டு இருக்கிறது.

ஒன்று, அந்த இறகு. சால்மன், ட்ரவுட் பிடிக்கும் போலிப்பூச்சிகளுக்கு இங்கிலாந்தில் பெரிய கிராக்கி இருந்த இறகுகளில் ஒன்று ‘ஜங்கிள் காக்’. அதாவது சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. அதில் மெழுகு பூசியது போல மின்னும் புள்ளி இருக்கும், தண்ணீரில் கண் மாதிரித் தெரியும். இந்தச் சேவல் இந்தியத் தீபகற்பத்தின் காடுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. பிளவக்கலுக்கு மேலே, ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயக் காட்டில், விடியற்காலையில் கூவுவது இதுதான். முட்டை அங்கிருந்து இங்கே வந்த அதே காலத்தில், கழுத்துத் தோலோடு உரித்த இறகு இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டம் இப்போது இந்தப் பறவையைக் காக்கிறது.

இரண்டாவது, நம் கண்மாய். 1952இல் இந்தியாவுக்குத் திலேப்பியாவைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. கொண்டுவந்தவர்கள் நம் ஆட்கள், நோக்கமும் விளையாட்டில்லை, சோற்றுக்கு மீன். ஆனால் நினைப்பு அதேதான்: தண்ணீர் சும்மா கிடக்கிறது, நிரப்பு. அதுதான் ஜிலேபிக் கெண்டை. ட்ரவுட்டுக்குத் தடையாக இருந்த வெயில் ஜிலேபிக்கு வசதி. அந்த 100 பேர் பட்டியலில் இதுவும் உண்டு.

மாமா காட்டுச்சேவல் கதையைக் கேட்டுக்கொண்டே மலையைப் பார்த்தார்.

“இந்தா இருக்கிற மலைக் கோழியா? அந்த மீன நம்ம ஓடையிலயும் விட்டுப் பாத்தானா?”

“விட்டாலும் நிக்காது மாமா, தண்ணி சூடு.”

“அப்ப அயிரை தப்பிச்சிருச்சு.”

அன்றைக்கு அவர் பையில் விழுந்தவை ஆறு மீன். ஐந்து ஜிலேபி. ஒரே ஒரு கெண்டை. “முன்னெல்லாம் இந்நேரம் ரெண்டு விராலாவது மாட்டும்” என்று சொல்லிக்கொண்டே கொக்கியில் அடுத்த புழுவைக் குத்தினார்.