மேக் கணினியில் எக்ஸ்11: ஓர் இடையடுக்கின் வரலாறு

கிம்ப், இங்க்ஸ்கேப் முதலிய கட்டற்ற வரைகலை மென்பொருள்கள், மேக் இயங்குதளம் மேம்படுத்தப்பட்டபோதெல்லாம் திறக்க மறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் அவற்றின் நிரல்களில் இல்லை. அவற்றுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்ற எக்ஸ்11 என்னும் அடுக்கில் இருந்தது. எம்.ஐ.டி.யில் 1984இல் தொடங்கி 1987இல் பதினோராம் பதிப்பை எட்டிய இந்தச் சாளர அமைப்பு, திரையில் சாளரங்களை வரைவதையும் விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் உள்ளீட்டைச் செயலிகளிடம் சேர்ப்பதையும் தன் பொறுப்பில் கொண்டிருந்தது. யுனிக்ஸ் கணினிகளில் இதுவே பொதுவழக்காக இருந்தமையால், பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் எழுதத் தொடங்கிய கிம்ப் இதனைச் சார்ந்தே வளர்ந்தது. 2001இல் வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ், யுனிக்ஸ் மரபில் வந்ததாயினும், திரையில் வரைவதற்குக் குவார்ட்ஸ் என்னும் தனி முறையைக் கைக்கொண்டது.

இந்த இடைவெளியை நிரப்ப 2003இல் ஆப்பிள் நிறுவனமே எக்ஸ்11-ஐ ஒரு செயலியாக வழங்கியது. 2007இல் வந்த லெப்பர்ட் பதிப்பில் அது தானாகவே நிறுவப்பட்டது. ஆனால் 2012இல் வெளியான மவுண்டன் லயன் அதனைக் கைவிட்டு, எக்ஸ்குவார்ட்ஸ் என்னும் சமூகத் திட்டத்தின் பக்கம் பயனரைத் திருப்பிவிட்டது. அதே பதிப்பில், ஆப்பிளிடம் பதிவுபெறாத ஆக்குநரின் செயலியைத் தடுக்கும் கேட்கீப்பர் என்னும் காவலும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி செயலியைச் சொடுக்கி 'திற' என்பதைத் தேர்ந்து முதல் தடையைக் கடந்தவர், எக்ஸ்11 இல்லை என்ற இரண்டாம் தடையில் நின்றார். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்பதைப் பிரித்தறிவதே சீர்செய்தலின் முதற்படியாக இருந்தது.

2014இல் வந்த யோசெமிட்டி விளைவித்த குழப்பம் இன்னும் நுட்பமானது. எக்ஸ்குவார்ட்ஸின் கோப்புகள் 'ஆப்ட்' என்னும் கோப்புறையில் அப்படியே இருக்க, பழைய செயலிகள் தேடிச்சென்ற 'யுஎஸ்ஆர்' கோப்புறையிலிருந்து அவற்றைச் சுட்டிய குறியீட்டு இணைப்பை மட்டும் மேம்படுத்தல் நீக்கிவிட்டது. இத்தகைய செயலியைத் திறந்தால் அதன் சின்னம் டாக்கில் சிலமுறை துள்ளிவிட்டு அடங்கிவிடும். நூலகக் கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி பிழைப்பதிவில் மட்டுமே இருக்கும். காரணத்தைத் திரையில் சொல்லாத இந்த மௌனமே பயனரை மிகுதியாக அலைக்கழித்தது. எக்ஸ்குவார்ட்ஸை மறுபடி நிறுவுவதோ டெர்மினலில் ஒரு வரிக் கட்டளையால் இணைப்பை மீட்பதோ அப்போது போதுமானதாக இருந்தது. மறு ஆண்டில் எல் கேப்பிட்டன் கொண்டுவந்த முழுமைக் காப்பு, நிர்வாகி உரிமை உடையவரும் 'யுஎஸ்ஆர்' கோப்புறையின் மேல்நிலையில் எழுதவியலாதபடி பூட்டிவிட்டதால், கட்டளை வழித் தீர்வு வழக்கொழிந்தது.

நிலையான தீர்வு இடையடுக்கையே விலக்குவதில் இருந்தது. கிம்பின் பட்டன்களையும் பட்டியல்களையும் ஆக்கும் ஜிடிகே கருவித்தொகுப்பு, குவார்ட்ஸிலேயே நேரடியாக வரையுமாறு தன்னார்வலர்களின் உழைப்பால் விரிவாக்கப்பட்டதன் பயனாக, 2012 ஆகஸ்டில் வந்த கிம்ப் 2.8.2 எக்ஸ்11 இன்றி இயங்கியது. இங்க்ஸ்கேப் அந்நிலையை எட்டியது 2020 மே மாதத்தில், 1.0 பதிப்பில்தான். அதுவரை சாளரத்துக்குள் அடைபட்டிருந்த அதன் பட்டியல்கள் அப்பதிப்பில் ஏனைய மேக் செயலிகளுடையவை போலத் திரையின் உச்சிக்கு வந்தன. நகலெடுத்து ஒட்டுவதற்கும் கண்ட்ரோலுக்கு மாறாகக் கமாண்ட் விசை வழக்குக்கு வந்தது.