எர்லாங்: தொலைபேசி இணைப்பகத்தில் பிறந்த நிரல்மொழி

எர்லாங் என்பது சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தில் 1986ஆம் ஆண்டில் உருப்பெறத் தொடங்கிய கணினி நிரல்மொழி ஆகும். ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் இதன் முதன்மை ஆக்குநர்கள். சார்புமுறை நிரலாக்க மொழிகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. அவ்வகை மொழிகளில் பல கணிதத்தின் மீதுள்ள பற்றால் பிறந்தவை. எர்லாங்கோ தொலைபேசி இணைப்பு அறுந்துவிடக் கூடாதே என்ற கவலையால் பிறந்தது. ஒரு கணினி ஒரே நேரத்தில் பல்லாயிரம் வேலைகளைப் பார்க்கும்போது ஒன்றின் கோளாறு இன்னொன்றைக் கெடுக்காமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு அது தந்த விடை, இன்று கைப்பேசியில் வந்து விழும் செய்திகளுக்கும் பின்னால் இருக்கிறது.

உடனிகழ்வு என்னும் சிக்கல்

பல வேலைகள் ஒரே காலத்தில் ஒன்றோடொன்று ஊடாடி நடப்பதைக் கணினியியலில் உடனிகழ்வு என்பர். கணவனும் மனைவியும் கூட்டாக வைத்துள்ள வங்கிக் கணக்கில் 5,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் ஒரே நொடியில் வெவ்வேறு ஏடிஎம்களில் ஆளுக்கு 4,000 ரூபாய் கேட்கிறார்கள். முதல் இயந்திரத்தின் நிரல் இருப்பைப் படிக்கிறது: 5,000. அது கழித்து எழுதுவதற்குள் இரண்டாவது இயந்திரத்தின் நிரலும் படித்துவிடுகிறது: அதற்கும் 5,000. இரண்டும் பணத்தைக் கொடுக்கின்றன. இரண்டும் மீதி 1,000 என்று எழுதுகின்றன. 8,000 ரூபாய் வெளியே போன பிறகும் கணக்கில் 1,000 இருப்பதாகவே வங்கி நம்பிக்கொண்டிருக்கும். நிரலின் எந்த வரியும் தனியே பார்த்தால் தவறு இல்லை. இரண்டு நிரல்களின் வரிகள் எந்த வரிசையில் கலந்தன என்பதில்தான் தவறு. இதைப் போட்டிநிலை என்று அழைப்பர்.

வழக்கமான மருந்து பூட்டு. ஒருவர் கணக்கைத் தொடும்போது அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர் காத்திருக்க வேண்டும். பூட்டுகள் பெருகும்போது புதுத் தொல்லை முளைக்கிறது. முதலாமவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருக்க, அந்த அடுத்ததைப் பிடித்திருப்பவர் முதற்பூட்டுக்குக் காத்திருந்தால், இருவரும் நகர மாட்டார்கள். இதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். இத்தகைய பிழைகள் சோதனையில் எளிதில் அகப்படுவதும் இல்லை. பத்தாயிரம் முறை ஒழுங்காக ஓடிய நிரல் அடுத்த முறை காலைவாரும்.

இதனால் உயிர்களும் போயிருக்கின்றன. கனடாவில் வடிவமைக்கப்பட்ட தெராக்-25 என்ற கதிர்வீச்சு மருத்துவக் கருவி 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளின் உடலில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அதில் சிலர் இறந்தனர். திரையில் உள்ளிட்டதை இயக்குபவர் சில நொடிகளுக்குள் திருத்தினால், கருவியை அமைக்கும் வேறொரு பணிக்கு அந்தத் திருத்தம் எட்டாமல் போனதே சில விபத்துகளுக்குக் காரணம். புதியவர் தட்டித் தடவி உள்ளிட்டபோது இப்பிழை தெரியவில்லை. கைப்பழக்கம் வந்து வேகமாகத் தட்டியபோதுதான் வெளிப்பட்டது. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய மின்தடையிலும் ஒரு போட்டிநிலைக்குப் பங்கு உண்டு. ஒகையோ மாநிலத்தின் மின்கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணிகளைக் கையாண்ட மென்பொருள், அந்தப் பிழையால் சத்தமின்றி நின்றுவிட்டது. மின்தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்ததை அங்கிருந்தவர்கள் உரிய நேரத்தில் அறியவில்லை.

மாறாத மாறிகள்

மேற்கண்ட தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு நினைவிடம், அதை மாற்றும் உரிமை அனைவருக்கும். மாற்றவே முடியாது என்றால் போட்டிக்கு இடம் ஏது? சார்புமுறை நிரலாக்கம் அந்த வழியில் செல்கிறது. பள்ளிக் கணிதத்தில் ஒரு கணக்கின் தொடக்கத்தில் 5 என்று கொண்ட மதிப்பு, கணக்கு முடிவதற்குள் 6 ஆகிவிடுவதில்லை. அதே உள்ளீட்டிற்குச் சார்பு எப்போதும் அதே வெளியீட்டையே தரும். நிரலும் அப்படியே இருக்க வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. மாறி என்று பெயர் வைத்துவிட்டு அது மாறக்கூடாது என்பது தமிழில் சற்று வேடிக்கையாகத்தான் ஒலிக்கிறது.

இதன் தொடக்கம் அலோன்சோ சர்ச் 1930களில் வகுத்த லாம்டா நுண்கணிதம். 1958இல் ஜான் மெக்கார்த்தி வடிவமைத்த லிஸ்ப் அக்கருத்தின் சாயலைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவரான ஜான் பாக்கஸ், 1977இல் டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில், தாமே வளர்த்துவிட்ட வழக்கமான நிரலாக்க முறையைக் கடுமையாக விமர்சித்துச் சார்புமுறைக்கு ஆதரவு தேடினார். ஆயினும் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் அதை நெடுங்காலம் ஆய்வாளர்களின் விளையாட்டாகவே பார்த்தன. மெதுவாக ஓடும், அதிக நினைவகம் தின்னும் என்பவை அக்காலத்து முறையீடுகள். அன்றைய கணினிகளில் அவை பெரும்பாலும் உண்மையும் கூட.

ஸ்டாக்ஹோம் ஆய்வகம்

எரிக்சன் 1970களில் உருவாக்கிய ஏஎக்ஸ்இ என்ற தொலைபேசி இணைப்பகம் உலகெங்கும் விற்றது. அதன் நிரல்கள் பிளெக்ஸ் என்ற சொந்த மொழியில் எழுதப்பட்டன. இணைப்பகத்தின் வேலை இயல்பிலேயே உடனிகழ்வானது. ஒருவர் அப்போதுதான் ஒலிவாங்கியை எடுக்கிறார். இன்னொருவர் எண்களை அழுத்திக்கொண்டிருக்கிறார். வேறொருவருக்கு மணி அடிக்கிறது. பல்லாயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அழைப்பு அறுந்தால் அவர் மீண்டும் முயல்வார். இணைப்பகமே நின்றால் ஊரே ஊமையாகிவிடும். நிரலில் திருத்தம் செய்வதற்காக அதை நிறுத்தி வைக்கவும் முடியாது. அழைப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே பழைய பகுதியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும்.

இந்த வேலைக்கு ஏற்ற மொழி எது என்று கண்டறிய, பியார்னே டெக்கர் தலைமையிலான கணினி அறிவியல் ஆய்வகத்தினர் ஒரே சிறிய இணைப்பகத்தைப் பல மொழிகளில் எழுதிப் பார்த்தனர். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நன்மை இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒன்றிலும் இல்லை. ஆம்ஸ்ட்ராங் முதலில் ஸ்மால்டாக் மொழியில் முயன்றார். பிறகு, தாம் தாளில் எழுதி வைத்திருந்த குறியீடுகள் ஏறக்குறைய புரோலாக் நிரல்களாகவே இருப்பதை உடன்பணியாளர் ஒருவர் காட்டக் கண்டு அம்மொழிக்கு மாறினார். புரோலாக்கில் ஒரு மாறிக்கு மதிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். எர்லாங்கின் மாறாத மாறிகள் அந்த வழியில் வந்தவை. சர்ச்சின் கணிதத்தைப் பின்பற்ற வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

தொலைபேசி நெரிசலைக் கணக்கிடும் முறையை 1909இல் வெளியிட்ட டென்மார்க் கணிதவியலாளர் அக்னர் கிராரூப் எர்லாங்கின் பெயர் மொழிக்கு இடப்பட்டது. 'எரிக்சன் லாங்குவேஜ்' என்பதன் சுருக்கமாகவும் அது ஒலித்தது நிறுவனத்துக்குப் பிடித்திருக்கும்.

முதற்பயனர்கள் நிறுவனத்திற்குள்ளேயே இருந்த ஒரு தொலைபேசிக் குழுவினர். மொழி அவர்களுக்குப் பிடித்தது, வேகம் பிடிக்கவில்லை. உண்மையான பொருளில் பயன்படுத்த வேண்டுமானால் இன்னும் 40 மடங்கு விரைவு வேண்டும் என்றனர். புரோலாக்கின் மேல் ஓடிக்கொண்டிருந்த எர்லாங்கைக் கைவிட்டு, அதற்கெனத் தனி மெய்நிகர் இயந்திரம் ஒன்றை மூவரும் எழுதினர். தடை விலகியது.

விழுவது விழட்டும்

எர்லாங்கில் வேலைகள் செயல்முறைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு செயல்முறைக்குத் தொடக்கத்தில் சில கிலோபைட்டு நினைவகமே போதும் என்பதால், ஒரே கணினியில் இலட்சக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொட முடியாது. பேச வேண்டுமானால் செய்தி அனுப்ப வேண்டும். அது பெறுநரின் அஞ்சல்பெட்டியில் வரிசையில் நிற்கும். முன்சொன்ன வங்கிக் கணக்கை இம்முறையில் எழுதினால், கணக்கே ஒரு செயல்முறை ஆகும். இரண்டு ஏடிஎம்களும் அதற்குச் செய்தி அனுப்பும். முதற்செய்திக்கு 4,000 கொடுத்து முடித்த பிறகே அது அடுத்த செய்தியைப் பிரிக்கும்; அப்போது இருப்பு 1,000 என்பது அதற்குத் தெரியும். பூட்டு எதுவும் தேவைப்படவில்லை. கார்ல் ஹெவிட் 1973இல் முன்வைத்த 'ஆக்டர்' கோட்பாடும் இதையே ஒத்தது. ஆனால் எர்லாங்கின் ஆக்குநர்கள் அதைப் படித்துவிட்டுத் தொடங்கவில்லை. ஒற்றுமை பின்னர்தான் அவர்களுக்குத் தெரிய வந்தது.

அதிகம் விவாதிக்கப்பட்டது பிழைகளைக் கையாளும் முறையே. நல்ல நிரலர் ஒவ்வொரு அடியிலும் பிழையை எதிர்பார்த்துத் தடுப்பு எழுத வேண்டும் என்பது பழைய பாடம். எர்லாங் வேறு பாடம் சொன்னது: என்ன செய்வதென்று தெரியாத நிலைக்கு வந்த செயல்முறை செத்துப் போகட்டும், அதைக் கவனிக்கும் மேற்பார்வைச் செயல்முறை புதிதாக ஒன்றைத் தொடங்கட்டும். கேட்பதற்குப் பொறுப்பின்மை போலத் தோன்றும் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பெருஞ்சோதனைகளைத் தாண்டிய மென்பொருளில் எஞ்சும் பிழைகளில் பல, அரிதான நேரச்சேர்க்கையால் வருபவை. மீண்டும் தொடங்கினால் அவை மறைந்துவிடும். டேண்டம் நிறுவனத்தின் ஜிம் கிரே 1985இலேயே இதைச் சுட்டியிருந்தார். மேலும், கணினியே எரிந்து போனால் அதற்குள் எழுதிய தடுப்பு நிரலும் சேர்ந்தே எரியும். எனவே மீட்பவர் வேறொரு கணினியில் இருக்க வேண்டும். செய்தி வழியாகவே பேசும் செயல்முறைகளுக்கு அடுத்த கணினியும் அதே கணினியும் ஏறக்குறைய ஒன்றே.

சொந்த வீட்டில் தடை

ஏஎக்ஸ்இ-க்கு அடுத்ததாக எரிக்சன் பெரும்பொருட்செலவில் வளர்த்து வந்த ஏஎக்ஸ்இ-என் திட்டம் 1995 டிசம்பரில் கைவிடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பும் முயற்சியில் எர்லாங்குக்கு வாய்ப்பு வந்தது. 1998 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஏஎக்ஸ்டி 301 என்ற இணைப்பிக் கருவியில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட எர்லாங் வரிகள் இருந்தன. அது 99.9999999 விழுக்காடு நேரம் இயங்கியதாக ஒரு கூற்று பரவியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 32 மில்லிநொடி மட்டுமே நிற்கும் என்பது இதன் பொருள். குறைந்த காலமே அளந்து பெற்ற எண் இது, பொதுவிதியாகக் கொள்ளலாகாது என்று துறையினர் பலர் மறுத்துள்ளனர். ஒன்பது ஒன்பதுகளை விட்டுவிட்டாலும் அக்கருவி மிக நம்பகமானது என்பதில் சண்டை இல்லை.

வியப்பு என்னவென்றால், அதற்கு முந்தைய மாதமே எரிக்சனின் வானொலித் தொடர்புப் பிரிவு, புதிய பொருள்களில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்திருந்தது. உலகமே பயன்படுத்தும் மொழிகளை வாங்கிப் பயன்படுத்தலாமே, சொந்த மொழியை வளர்க்கும் சுமை நமக்கு எதற்கு என்பது மேலாளர்களின் எண்ணம். வணிகக் கணக்கில் இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே நிறுவனம் பயன்படுத்தும் மொழிக்கு ஆள் பிடிப்பதும் நூல் எழுதுவதும் அந்த நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஆனால் அந்தத் தடையே மொழியை வெளியே தள்ளியது. 1998 டிசம்பரில் எர்லாங் திறமூலமாக வெளியிடப்பட்டது. அடுத்து ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்ட பலர் பணியிலிருந்து விலகி புளூடெயில் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஆம்ஸ்ட்ராங் 2003இல் முனைவர் பட்டம் பெற்று, 2004இல் எரிக்சனுக்கே திரும்பினார்.

பல கருவச் செயலிகள்

அதே காலத்தில் வன்பொருள் உலகில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் கூடி வந்த செயலியின் கடிகார வேகம், வெப்பத்தைத் தாங்க முடியாமல் 2004 அளவில் தேங்கியது. உற்பத்தியாளர்கள் ஒரே சில்லில் பல கருவங்களை வைக்கத் தொடங்கினர். புதிய கணினி வாங்கினால் பழைய நிரல் தானே விரைவாகும் என்ற காலம் முடிந்தது. உடனிகழ்வு எல்லா நிரலர்களின் தலைவலியும் ஆனது. எர்லாங்கின் மெய்நிகர் இயந்திரம் 2006இல் பல கருவங்களைப் பயன்படுத்தக் கற்றது. முன்பே தனித்தனிச் செயல்முறைகளாக எழுதப்பட்டிருந்த நிரல்களில் பல, பெரிய திருத்தமின்றி அவற்றில் பரவி ஓடின.

பொதுமக்களிடம் இதைக் கொண்டு சேர்த்தது வாட்ஸ்அப். 2009இல் தொடங்கிய அந்நிறுவனம் தன் வழங்கிகளை எர்லாங்கில் எழுதியது. ஒரே வழங்கியில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குவதாக 2012 தொடக்கத்தில் அறிவித்தது. 2014இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தபோது 45 கோடிப் பயனர்கள் இருந்தனர். பொறியாளர்களோ 32 பேர். அதே ஃபேஸ்புக் 2008இல் தன் அரட்டை வசதியை எர்லாங்கில் தொடங்கிப் பின்னர் சி++ மொழிக்கு மாற்றிக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரிய மொழிக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற பழைய முறையீடு அப்படியொன்றும் பொய்யல்ல.

செய்திமுறைக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு செய்தியும் பொதுவாக நகலெடுக்கப்படுவதால் பெரிய தரவுகளை அனுப்புவது செலவு. ஒருவருக்கொருவர் விடைக்காகக் காத்திருக்கும் இரு செயல்முறைகள் பூட்டின்றியே முட்டுக்கட்டையில் சிக்கலாம். படிப்பதைவிட வேகமாகச் செய்தி வந்தால் அஞ்சல்பெட்டி வீங்கி நினைவகத்தை நிரப்பிவிடும். விரைவுக்காக எர்லாங்கே செயல்முறைகள் பகிரும் அட்டவணைகளை வைத்திருக்கிறது. தேவை வந்தால் கொள்கை சற்று வளைந்தே கொடுக்கிறது. பிற மொழிகள் வேறு வழிகளைத் தேடின. ஹாஸ்கெல், பகிர்ந்த நினைவகத்தை வங்கிப் பரிமாற்றம் போல மொத்தமாக ஏற்கவோ தள்ளவோ செய்கிறது. ரஸ்ட், ஒரு தரவுக்கு ஒரே உரிமையாளர் என்ற விதியை நிரல் ஓடுவதற்கு முன்பே சரிபார்க்கிறது.

எர்லாங்கின் மெய்நிகர் இயந்திரத்தின் மீதே ஜோசே வலிம் எலிக்சிர் என்ற மொழியை அமைத்தார். எளிய எழுத்துமுறையால் அது புதிய தலைமுறை நிரலர்களை ஈர்த்துள்ளது. ஆம்ஸ்ட்ராங் 2019 ஏப்ரலில் காலமானார். எர்லாங்கின் பெரும்பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை வெளியாகிறது. அதைப் பராமரிக்கும் முதன்மைக் குழு, ஒரு காலத்தில் அம்மொழிக்குத் தடை விதித்த எரிக்சன் நிறுவனத்திலேயே பணியாற்றுகிறது.