ஏரிக்கரைக் காவல்: நீர்க்கட்டி முதல் தன்னார்வலர் வரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி ஏரிகள் நிறைந்த பூமி. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் உபரி அடுத்த ஏரிக்குப் போகும். மேலே கரை உடைந்தால் கீழேயுள்ள கரைக்கும் ஆபத்து. அதனால் இங்கே பெருமழையைக் கண்காணிப்பது பெரும்பாலும் கரையைக் கண்காணிப்பதாகவே இருந்துவந்திருக்கிறது.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. பிற்காலத்தில் அன்றாடப் பொறுப்பு நீர்க்கட்டி அல்லது கம்புகட்டியிடம் இருந்தது. மடையைத் திறந்து அடைப்பதும், அடைமழையில் கரையைச் சுற்றிவந்து கசிவோ அரிப்போ தென்பட்டால் ஊரைக் கூட்டுவதும் அவர் வேலை. கூலி, களத்தில் அளக்கும் நெல். கரை உடையும் அபாயத்தில் ஊரார் வந்து உழைப்பதை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கடமையாக்கியது.

மழையை அளக்கும் வழக்கம் அரசு வழியே வந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகம் 1796 முதல் வானிலையையும் பதிந்தது. இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. இன்றும் ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம் மழைமானிகளின் ஒரு நாள் கணக்கு காலை 8.30 மணியோடு முடிகிறது.

1990களில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும், 2010 வாக்கில் ஒரகடத்துக்கு ரெனோ–நிசானும் வந்தன. வயல் குறைந்த ஊர்களில் நெல் கூலியும், அதை நம்பிய காவலும் தேய்ந்தன.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாற்றில் வெள்ளம் பெருகியது. பகுதியின் கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. அந்த நாட்களில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் வானிலை பற்றி எழுதும் பிரதீப் ஜானின் பதிவுகளைப் பலர் பின்தொடர்ந்தனர். ஆர்வலர்கள் மொட்டைமாடி மழைமானிகளின் அளவுகளைப் பகிர்ந்தனர்.

அமெரிக்காவின் ஸ்கைவார்ன் திட்டத் தன்னார்வலர்கள் புயல்மேகத்தைப் பார்த்து வானிலை அலுவலகத்துக்குத் தகவல் தருகிறார்கள். இங்கே பயிற்சியின் அழுத்தம் மீட்பில் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் நாடெங்கும் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் தொடங்கிய ‘ஆப்தா மித்ரா’ திட்டம் தன்னார்வலருக்கு முதலுதவியும் வெள்ள மீட்பும் கற்பிக்கிறது. தாழ்வான பகுதிகளில் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கவும் மக்களை வெளியேற்றவும் தமிழ்நாடு அரசு முதல்நிலை மீட்பாளர்களை நியமித்திருக்கிறது. பெரிய ஏரிகளின் மடையும் கலங்கலும் இப்போது நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. நீர்க்கட்டியின் பணியில் ஊரை எச்சரிக்கும் பகுதி மட்டுமே தன்னார்வலரிடம் வந்திருக்கிறது.